எண்ணெய்த் தொட்டிக்கு மேலே இரண்டு விளக்குகள்

குண்டு பல்பு தன் சூட்டை வெளிச்சத்தோடு சேர்த்து முன்னால் வீசிவிடும். கோழிப் பண்ணைகளில் குஞ்சுகளுக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று அதைத் தாழத் தொங்கவிடுவார்கள். எல்இடியின் குணம் வேறு. வெளிச்சத்தை முன்பக்கம் கொடுத்துவிட்டுச் சூட்டை முதுகில் வைத்துக்கொள்ளும். முதுகிலிருந்து அதை யாராவது வாங்கிக்கொள்ளாவிட்டால் தன் சூட்டில் தானே கருகிப்போகும். அப்படி வாங்கிக்கொள்ளும் சர்க்யூட் போர்டுகளை வரைவது 2009 முதல் 2015 வரை என் வேலையாக இருந்தது.

சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அண்ணன் கோயில் கைங்கரியத்தில் இருந்தார். நான் சம்பள வேலைக்குப் போனேன். எங்கள் யூனிட் பிள்ளைப்பாக்கம் சாலையில் ஒரு தகரக் கூரைக் கொட்டகை. இந்தப் பக்கத்து வயலில் நாற்று நட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்து வயலில் மனை விற்பவர்களின் கொடிகள் பறக்கும். முதலாளி அதற்கு முன் டியூப் லைட் சோக் செய்துகொண்டிருந்தவர். நான் கோயில் வீதியிலிருந்து வருவதால் என்னை எப்போதும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். போர்டை, அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட்சிங்க் என்ற அலுமினிய முதுகோடு சேர்த்து முடுக்கும் வேலை பிள்ளைப்பாக்கத்துப் பெண் ஒருவருடையது. என்னைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அக்கா.

எனக்குத் தேதி போடும் பழக்கம் உண்டு. வாங்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுவேன். வீட்டில் புது பல்பு மாட்டினால் அதன் கழுத்தில் போடுவேன். நான் வரைந்த ஒவ்வொரு போர்டின் விளிம்பிலும் வெள்ளை மையில் மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். ஆகவே இங்கே சொல்லும் மாதங்களை நம்பலாம்.

அந்தப் போர்டு பார்ப்பவர்களுக்கு வெறும் வெள்ளைத் தட்டு. எனக்கு இன்றும் அதைப் பார்த்தால் வியப்பு அடங்குவதில்லை. விளக்கின் உயிர் எள்ளைவிடச் சற்றே பெரிய ஒரு சில்லு. அதன் அடியில் செம்புப் படலம். செம்புக்கு அடியில் அலுமினியத் தகடு. செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டால் மின்சாரம் தகட்டில் பாய்ந்து, விளக்கைத் தொடுபவரைத் தூக்கி அடிக்கும். தொடாமலே இருந்தால் சூடு இறங்க வழியில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தோலை ஒட்டிவைப்பார்கள். அது மின்சாரத்துக்குச் சுவர், வெப்பத்துக்கு வாசல். ஒரே தோல் ஒன்றைத் தடுத்து இன்னொன்றுக்கு வழிவிடுகிறது. அந்த நாள்களில் நான் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன், கலங்கரை விளக்கங்களின் சரித்திரம்வரை. எத்தனையோ அதிசயங்களைப் படித்தும் இந்தத் தோலுக்கு இணையாக ஒன்று எனக்கு அகப்படவில்லை.

2012 ஜூன் மாதத்தில் முதலாளி என்னை ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். கார், லாரிகளுக்கான பல்சக்கரங்களை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் இடம். தரையில் கிணறுபோல் இறங்கிய உலை. அதன் மூடி திறந்ததும் மேலே ஓடும் கிரேன் ஒரு கூடையைத் தூக்கியது. கூடை நிறையப் பல்சக்கரங்கள், எல்லாம் செக்கச் சிவந்து, ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரியும்படி. அதை எண்ணெய்த் தொட்டிக்கு மேலே கொண்டுபோய் ஒரே மூச்சில் இறக்கினார்கள். தொட்டி பெருமூச்சு விட்டது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்க வேண்டும். மெயின்டனன்ஸ் மேனேஜர் என் தோளைத் தொட்டு, "சார், லைட்டப் பாக்க வந்தீங்க, நீங்க கூடையையே பாத்துட்டிருக்கீங்க" என்றார்.

அப்போது கிரேன் ஓட்டுபவர் மேலேயிருந்து ஏணி வழியாக இறங்கி வந்தார். சிவகங்கைப் பக்கத்து இளைஞர். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, லைட்டு கம்பெனி நீங்கதானா?"

"ஆமாம்பா."

"கரண்டு போனா கிரேன் நிண்டுரும். அதுக்குப் பயமில்ல, பிரேக்கு புடிச்சுக்கிரும். ஜெனரேட்டரு வந்துருச்சுன்னா கிரேனும் ஓடும். ஆனா இந்தா மேல தொங்குதுக பாருங்க, இந்த லைட்டுக, அதுக பாட்டுக்குச் சாவகாசமா முழிக்கும். அதுவரைக்கும் எனக்குச் செவப்பாக் கூடை மட்டுந்தான் தெரியும். கீழ ஆளு எங்க நிக்கிறாகன்னு தெரியாது."

அது அங்கே தொங்கிய பாதரச ஆவி விளக்குகளின் குணம். சூடாக இருக்கும்போது அணைந்தால் ஆறிய பிறகுதான் திரும்ப எரியும். பல நிமிடங்கள் ஆகும். 2012-இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

"கூடையை அப்படியே தொங்கவிட்டு வெளிச்சம் வரும்வரை காத்திருக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"ஆறிப்போச்சுன்னா அவ்ளோ கியரும் வேஸ்ட்டு. கீழயிருந்து எறக்கு எறக்குன்னு கத்துவாக. சித்திரையில அப்படித்தான் இருட்டுல எறக்கினேன். கூடை தொட்டி விளிம்புல சாஞ்சு பாதிதான் முங்குச்சு. பாதி முங்கினா என்னாகும் தெரியும்ல? எண்ணெய் புடிச்சுக்கிரும். பக்குனு எரிஞ்சுச்சு."

தொட்டி ஓரத்தில் நின்று கையால் சைகை காட்டும் ஆளை அவர் சுட்டிக்காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வேறு நிறமாக இருந்தது.

"எங்க அக்கா வீட்டுக்காரரு. நாந்தான் வேலைக்குக் கூட்டியாந்தேன். பென்னலூர்ல ஒரே ரூம்ல இருக்கோம். அக்காவுக்குச் சமையக்கட்டுல சுட்டுக்கிட்டாருன்னு சொல்லிவச்சிருக்கோம்." பிறகு சிரித்தார். "மச்சானுக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாதுன்னு அக்காவுக்கு நல்லாத் தெரியும். இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் ஊருக்குப் போயி எந்த மொகத்தோட நிப்பேன்?"

மேனேஜர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். தொட்டிக்கு நேர் மேலே இரண்டு எல்இடி விளக்குகள் சோதனைக்கு மாட்டலாம். கரண்ட் வந்த நொடியில் அவை எரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூரைக்கடியில் உலையின் அனல் தேங்கி நிற்கிறது. "உங்க லைட்டு அந்த ஹீட்ல நிக்குமா, அதான் கேள்வி. நின்னா ஷெட் முழுக்க மாத்திடலாம். நிக்கலன்னா பழசே போதும்."

எல்இடிக்குத் தன் சூடே பெரும் பாரம். சுற்றிலும் அனல் என்றால் அந்தப் பாரத்தை இறக்கிவைக்கவும் இடமில்லை. பெரிய ஹீட்சிங்க் வைக்கலாம் என்றால், விளக்குக்கும் கிரேனுக்கும் நடுவே ஒரு சாண்கூட இடைவெளி கிடையாது. நான் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமான போர்டு ஒன்றை வரைந்தேன். நடுவில் ஒரு எல்இடி, அதைச் சுற்றி ஒரு வளையம், அதற்கு வெளியே இன்னொரு வளையம். விளிம்பில் ஸ்குரூக்கள். பின்னால் சூரியகாந்திபோல் ஹீட்சிங்க்: நடுவில் தட்டையான முதுகு, அதைச் சுற்றி இதழ்களாகத் தகடுகள். போர்டு வந்ததும் அக்கா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், மார்கழிக்கு இன்னும் நாள் கீதே. அதுக்குள்ள புள்ளிக் கோலம் போட்டுட்டே!"

போர்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பசை தடவ வேண்டும். இரண்டு உலோகங்களை எவ்வளவு மழமழப்பாகத் தேய்த்தாலும் நடுவே கண்ணுக்குத் தெரியாத காற்று தங்கும். அந்தக் காற்றை விரட்டத்தான் பசை. அக்கா நடுவில் தாராளமாக ஒரு குவியல் வைத்துப் போர்டை அழுத்தி, விளிம்பு ஸ்குரூக்களை முடுக்குவார். பசை தானாக நாலா பக்கமும் பரவும் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும். அந்தப் பசையில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது என்று முதலாளியே சொல்லியிருந்தார்.

விளக்கை மணிக்கணக்கில் எரியவிட்டு, ஹீட்சிங்க் முதுகின் நட்டநடுவில் மீட்டரின் ஒயரை ஒட்டி வெப்பம் பார்த்தேன். மிக அதிகமாகச் சுட வேண்டிய இடம் அதுதானே. நான் போட்ட கணக்கைவிடக் குறைவாகவே காட்டியது. முதலாளி உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "சாமி, சூடே இல்ல! அடிச்சுட்டோம் போ" என்றார். ஆகஸ்டில் இரண்டு விளக்குகளை மாட்டினோம். முதல் வாரம் கிரேன் ஓட்டுபவர் போனில் கூப்பிட்டு, "மச்சான் மீசையில ஒரு நரை முடி இருக்குண்ணே, மேலயிருந்து தெரியுது" என்றார்.

செப்டம்பர் முடிவதற்குள் வெளிச்சம் நீலம் பாரிக்கத் தொடங்கியது. பிறகு நடு எல்இடி அணைந்தது. அதோடு கோத்திருந்த உள்வளையமும் அணைந்தது. இரண்டு விளக்கிலும் ஒரே மாதிரி. கழற்றிக்கொண்டு வந்த அன்று மேனேஜர் கோபப்படவில்லை. "இன்னும் ஒரு ட்ரையல் தரேன் சார். அதுவும் போச்சுன்னா பழைய லாம்ப்தான். என்னால எம்.டி.கிட்ட மூணாவது வாட்டி கேக்க முடியாது" என்றார். கிரேன் ஓட்டுபவர் ஏணியின் அடியில் நின்றிருந்தார். நாங்கள் வண்டியில் ஏறும்போது, "சீக்கிரம் கொண்டாந்துருங்கண்ணே, மழை வருது. மழைக்காலத்துல பகல்லயே உள்ள இருட்டா இருக்கும்" என்றார்.

யூனிட்டில் அக்கா விளக்கைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஊத்திக்கிச்சா?" என்றார். நான் எல்இடி விற்றவரைச் சந்தேகித்தேன். முதலாளி அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியைச் சந்தேகித்தார். அதே போர்டில் புது எல்இடி போட்டு இரண்டு விளக்குகளை மறுபடி செய்தோம். மறுபடி முதுகின் நடுவில் ஒயரை ஒட்டினேன். மறுபடி நல்ல எண். அந்த எண் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்கு எனக்குக் குழப்பம்.

அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபரின் பிற்பகுதியில் வந்தது. எங்கள் யூனிட்டில் பூஜைக்குச் சந்தனம் என் வீட்டிலிருந்துதான் போகும். கடைத் தூள் வேண்டாம், கல்லில் இழைத்த சந்தனம்தான் வேண்டும் என்று முதலாளி ஒவ்வொரு வருடமும் சொல்வார். அண்ணன் ஒரு கிண்ணம் இழைத்துக் கொடுத்தார். சால்டரிங் அயர்ன்கள், ஸ்குரூ டிரைவர்கள், மீட்டர்கள், என் கம்ப்யூட்டர் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஓய்ந்திருந்தன. ஆனால் விளக்குச் செய்யும் இடத்தில் விளக்கை அணைத்து வைப்பதா என்று முதலாளிக்கு ஒரு கொள்கை. பூஜையின்போது செய்துவைத்த விளக்குகள் எரிந்தாக வேண்டும்.

ஒரகடத்துக்குப் போகவிருந்த விளக்கு ஒன்றை அக்கா இரண்டு மரக்கட்டைகள் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அதன் முதுகில் வழக்கம்போல் ஒரு பொட்டு வைத்ததோடு நிறுத்தவில்லை. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி வட்டமாக, அதற்கும் வெளியே வட்டமாக, முதுகு முழுவதும் வைத்துக்கொண்டே போனார்.

"எதுக்குக்கா இவ்வளவு?"

"நல்லாத்தான் எரியுது, அங்க போனா படுத்துக்குது. கண்ணு பட்டுகீது சார். முன்னால நீ கோலம் போட்ட, பின்னால நான் போடறேன்."

ஸ்விட்சைப் போட்டார்கள். விளக்கின் வெளிச்சம் கீழே வாழையிலையில் கொட்டியது. கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, உள்ளே வந்து சுண்டல் வாங்கிக்கொண்டோம். அக்கா விளக்கின் அருகே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் உங்கூட்டுச் சந்தனம், பாதி காய்ஞ்சிகீது, பாதி ஈரமா கீது. உங்கண்ணன் தூக்கக் கலக்கத்துல அரைச்சாரா?"

போய்ப் பார்த்தேன். வெளிவட்டத்துப் பொட்டுகள் வெளுத்து, வெடித்து, சில உதிரவும் தொடங்கியிருந்தன. உள்வட்டம் ஓரங்களில் மட்டும் காய்ந்திருந்தது. நட்டநடுப் பொட்டு வைத்தபடியே பளபளவென்று ஈரமாக இருந்தது.

ஒரே கிண்ணத்துச் சந்தனம், ஒரே விரல் வைத்த பொட்டு, ஒரே நேரம். காய்வதில் வேறுபாடு என்றால் அது அடியிலிருந்து வரும் சூட்டின் வேறுபாடு. இரண்டு வளைய எல்இடிகளின் நடுவே இருக்கும் இடத்துக்குச் சூடு முதலில் வர வேண்டும். அங்கேதான் வரவில்லை. நடுவில் பிறந்த சூடு நேராக முதுகுக்கு வர வழி இல்லாமல், போர்டின் வழியாகவே பக்கவாட்டில் ஊர்ந்து, விளிம்பில் ஸ்குரூக்கள் அழுத்திப் பிடித்த இடத்தில்தான் ஹீட்சிங்க்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் நடுவில் ஒயரை ஒட்டி மகிழ்ந்த அந்த நல்ல எண், சூடு வந்து சேராத இடத்தின் எண். கண்ணால் காண முடியாதது என்று நான் நினைத்திருந்த ஒன்று போகும் வழி, மஞ்சளும் வெள்ளையுமாக என் முன்னால் வரைந்து கிடந்தது.

"அக்கா, ஸ்குரூ டிரைவர் குடுங்க. இத இப்பவே பிரிச்சுப் பாக்கணும்."

அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். முதலாளி வேகமாக வந்து பூஜை மேசைக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

"சாமி, வெளையாடறீங்களா? கருவிக்கெல்லாம் இன்னிக்கு ரெஸ்ட்டு. ஊரே கேட்டா சிரிக்கும், கோயில் வீதிக்காரரு ஆயுத பூஜை அன்னிக்கு ஸ்குரூ டிரைவரத் தொட்டாருன்னு."

"ரெண்டு நிமிஷ வேலை சார்."

"நாளைக்கு விஜயதசமி. மொதல் வேலையா அதைத்தான் பிரிக்கறோம். இன்னிக்குச் சுண்டல் சாப்பிடுங்க."

அந்தத் தடை எனக்கு நல்லதைத்தான் செய்தது. கையில் கருவி இருந்திருந்தால் பிரித்துப் பார்த்து, பசையை மாற்றி, மறுபடி முடுக்கியிருப்பேன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதால் நாள் முழுவதும் யோசிக்க மட்டுமே முடிந்தது. அந்தத் தட்டில் ஒரு எறும்பு அளவுக்கு என்னைச் சுருக்கிக்கொண்டு, சில்லின் அடியில் பிறந்து செம்பில் இறங்கித் தோலைக் கடந்து அலுமினியத்தில் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பசையின் குவியலில் போய் நின்றேன். பசை காற்றைவிட மேல். ஆனால் உலோகத்தின் பக்கத்தில் வைத்தால் அது ஒரு கம்பளி. கம்பளியைத் தடியாக விரிப்பது தாராளமாகாது. அண்ணன் காபியை வைத்துவிட்டு, ஆறிப்போகிறது என்று இரண்டு முறை சொன்னார்.

விஜயதசமி காலையில் பிரித்தோம். எதிர்பார்த்தபடியே இருந்தது. விளிம்பு ஸ்குரூக்களை முடுக்கியபோது நடுவில் இருந்த குவியல் முழுவதும் வெளியேறாமல், போர்டின் வயிற்றைக் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. போர்டின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை ஓரம் கீழாக வைத்தால் விளிம்பில் அதன் அடியே வெளிச்சக் கீற்று தெரிந்தது. ஒரகடத்திலிருந்து திரும்பிய பழைய விளக்கைப் பிரித்தால் நடுப்பசை காய்ந்து, ஏரி வற்றிய தரைபோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெறைய வெச்சா நல்லதுன்னு வெச்சேன் சார்."

"நானும் அப்படித்தான்கா நெனச்சேன். நடுவுல ஒரு ஸ்குரூ இருந்திருந்தா அது வளைஞ்சிருக்காது."

நடுவில் ஸ்குரூ வைக்க வேண்டுமானால் நடு எல்இடியை எடுக்க வேண்டும். முதலாளி பதறினார். "வெளிச்சம் பத்தலன்னு சொல்வானுங்க சாமி. எல்இடிய எடுத்துட்டு ஆணி அடிக்கறேங்கறீங்களே!" மீதியுள்ளவை குளிர்ச்சியாக இருந்தால் வெளிச்சம் கூடும், எடுத்த ஒன்று தெரியாது என்று விளக்கினேன். அவர் நம்பினாரா தெரியாது, சரி என்றார். புதுப் போர்டை வரைந்து, எல்இடிகளின் அடியில் செம்பை அகலமாக விரித்தேன். விளிம்பில் நவம்பர் 2012 என்று போட்டேன். பசையை அக்கா ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, கண்ணாடியில் மூச்சு படிந்த அளவுக்கு மட்டும் விட்டார்.

முடுக்கியதும், யாரும் சொல்லாமலே, அவர் மிச்சமிருந்த சந்தனக் கட்டியைக் குழைத்து முதுகு முழுவதும் பொட்டு வைத்தார். ஸ்விட்சைப் போட்டோம். நடுப்பொட்டு முதலில் வெளுத்தது. பிறகு அதைச் சுற்றியிருந்த வட்டம். பிறகு வெளிவட்டம். மஞ்சள் பின்வாங்க, வெண்மை நடுவிலிருந்து பூ விரிவதுபோல விரிந்தது. பல வருடங்களாகக் கணக்கில் மட்டுமே அறிந்த ஒன்று, என் கண்ணெதிரே, தன் வேகத்தில் நடந்து போனது.

விளக்குகளை மாட்டப் போனபோது இன்னொரு சிக்கல். மேனேஜர் சோதனைக்காகத் தரையிலேயே எரியவைத்து முதுகில் கையை வைத்தார், சட்டென்று எடுத்தார்.

"சார், பழசு எவ்ளோ கூலா இருந்துச்சு! இது என்ன இப்படிச் சுடுது? அதுவே புட்டுக்கிச்சு, இது எத்தனை நாள் வரும்?"

"நீங்க பிளாஸ்க்ல காபி வாங்கினா வெளிப்பக்கம் சுடுமா?"

"சுடாது."

"உள்ள காபி ஆறுமா?"

"ஆறாது."

"எங்க பழைய விளக்கு பிளாஸ்க் சார். இது எவர்சில்வர் டம்ளர். வெளிய சுட்டாத்தான் உள்ள ஆறும்."

அவர் யோசித்தார். கிரேன் ஓட்டுபவர் குனிந்து தானும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாட்டுங்க சார், டம்ளரே நல்லாருக்கு" என்றார். அவருடைய மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் விளக்குகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் போனேன். மழை பிடித்துக்கொண்ட மதியம். வல்லம் வடகால் பக்கமிருந்து கருமேகம் இறங்கி, ஷெட்டுக்குள் மாலைபோல் இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பேசினால் காது கேட்கவில்லை. உலையின் மூடி திறந்தது. சிவந்த கூடை மேலே எழுந்து, மெல்ல நகர்ந்து, தொட்டியின் விளிம்பை நெருங்கியபோது கரண்ட் போனது.

எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. தொழிற்சாலை, மனிதர்கள், என் கை. இருட்டின் நடுவில் அந்தக் கூடை மட்டும் தொங்கியது. எதன் மேலும் தொங்காமல் தானாக மிதப்பதுபோல் இருந்தது. எனக்கு அச்சமும் அதைவிட அதிகமாக வியப்புமாக இருந்தது. அப்போதுதான் கிரேன் ஓட்டுபவர் ஜூன் மாதத்தில் சொன்னது முழுதாக விளங்கியது. அந்தச் சிவப்பு எதையும் காட்டவில்லை. தன்னைத் தவிர எல்லாவற்றையும் மறைத்தது.

"எறக்கு! எறக்குய்யா! ஆறுது!" என்று யாரோ கத்தினார்கள். மேலேயிருந்து குரல் வந்தது.

"மச்சான்! எங்க நிக்கிறீக?"

பதில் மழையில் கேட்கவில்லை.

வெளியே ஜெனரேட்டர் உறுமியது. ஷெட் முழுவதும் தொங்கிய பழைய விளக்குகளில் ஒன்றுகூட விழிக்கவில்லை. தொட்டிக்கு மேலே இரண்டு மட்டும், துணியை உதறி விரித்ததுபோல், வெள்ளையாக எரிந்தன. அவற்றின் வட்டத்துக்குள் தொட்டி தெரிந்தது, எண்ணெயின் கறுப்பு தெரிந்தது, தொட்டி ஓரத்தில் ஒரு ஆள் தெரிந்தார். அவர் கூடைக்கு மிக அருகில், யாரும் எதிர்பார்க்காத பக்கத்தில் நின்றிருந்தார். இருட்டில் பின்வாங்குவதாக நினைத்துக்கொண்டு முன்னால் வந்திருக்கிறார்.

கிரேன் அசையவில்லை. மச்சான் தன் நிலையைப் பார்த்தார். இரண்டு எட்டு பின்னால் போனார். அந்த நிறம் மாறிய கையை உயர்த்தி, கீழே, கீழே என்று காட்டினார். கூடை தொட்டியின் நடுவுக்கு வந்து, நேராக, முழுதாக இறங்கியது. எண்ணெய் பெருமூச்சு விட்டது. நெருப்பு எழவில்லை.

மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்று இரண்டு விளக்குகளையும் அண்ணாந்து பார்த்தார். பிறகு சுற்றிலும், இன்னும் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்த மற்ற விளக்குகளைப் பார்த்தார். "மிச்சத்தை எப்ப சார் கொடுப்பீங்க?" என்றார், மழைச் சத்தத்துக்கு மேலே கத்தி.

கிரேன் ஓட்டுபவர் கூடையைக் கரைசேர்த்துவிட்டுத்தான் இறங்கினார். நேரே மச்சானிடம் போனார். "ஏன்யா, பின்னாடி போங்கன்னா முன்னாடியா வருவாக? அக்கா உங்களுக்குச் சோறு போடுறாளா, வேற எதுவும் போடுறாளா?" என்று அதட்டினார். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அவர் தோளில் கிடந்த துண்டை இவர் எடுத்து அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டார். அப்போதும் திட்டுவதை நிறுத்தவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, மேல வாங்க. உங்க டம்ளரத் தொட்டுப் பாருங்க."

கிரேன் ஏணியில் நான் அதுவரை ஏறியதில்லை. உச்சிக்குப் போகப் போக அனல் முகத்தில் அடித்தது. பலகைமேல் நின்று கையை நீட்டினால் விளக்கின் முதுகு எட்டியது. அக்கா வைத்து அனுப்பிய சந்தனத்தில் மிஞ்சியது நடுவில் ஒரு வெள்ளை வட்டத் தடம் மட்டும். அதன்மேல் விரலை வைத்தேன். சுட்டது. எள்ளளவு சில்லுகளுக்குள் பிறந்த சூடு செம்பையும் தோலையும் அலுமினியத்தையும் கடந்து, தவறாமல் வர வேண்டிய இடத்துக்கு வந்திருந்தது. கீழே மச்சான் அடுத்த கூடைக்காகத் தொட்டி ஓரத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தேன். மீசையில் அந்த நரை முடி தெரிந்தது.